வலி என்று சொல்லக் கூடாது

தொண்ணூற்றெட்டாம் வருஷம் மே மாதம் ஒரு திங்கட்கிழமை, இறுதியாண்டு மாணவர்களுக்கு மூன்றாவது பேப்பர் நடந்துகொண்டிருந்தது. ஹாலில் மேற்பார்வைக்கு நின்றவர் ஆசிரியர் அறைக்கு வந்து, "மேடம், உங்க ஆளு பாதியில எழுந்து போயிட்டான்" என்று தமயந்தியிடம் சொன்னார்.

உங்க ஆளு என்றால் கென்யாக்காரன் ஒதியாம்போ. கல்லூரியில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் எல்லாருமே அவளுடைய ஆட்கள்தான். கென்யா, சூடான், ஈரான், நேபாளம் என்று பிள்ளைகள் பெங்களூருக்கு வந்து சேர ஆரம்பித்ததும், அவர்களைக் கவனிக்க ஒருவர் வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. ஆங்கிலத் துறையில் இளையவள் தமயந்தி. பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. அதற்கென்று தனி அறையோ கூடுதல் சம்பளமோ கிடையாது. வீட்டுக்காரரோடு தகராறு, போலீஸ் கமிஷனர் ஆபீசில் பதிவு, அட்டெண்டன்ஸ் குறைவு, கேஸ் சிலிண்டர், காய்ச்சல், அழுகை எல்லாமே அவளிடம்தான் வரும். அவளுடைய அப்பா பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். எந்த ஜன்னலில் போய் நிற்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லித் தராமல் படித்து வந்தவள் என்பதால், அந்தப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றால் அவளால் திருப்பி அனுப்ப முடியாது.

ஒதியாம்போவை சைக்கிள் ஸ்டாண்டில் கண்டுபிடித்தாள். இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவே தரையில், முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடந்தான். ஆறடிக்கு மேல் உயரமான பையன் அவ்வளவு சின்ன இடத்தில் எப்படி அடங்கினான் என்று இருந்தது. கைக்குட்டையைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டிருந்தான். சட்டை முழுக்க வியர்வை.

"என்னப்பா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல மேடம். அஞ்சு நிமிஷம். திரும்பப் போயி எழுதறேன்."

தமிழர்கள் அதிகமுள்ள நீலசந்திராவில் மூன்று வருஷம் குடியிருந்து தெருவிலேயே கற்றுக்கொண்ட தமிழ். எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை அவள் மனிதர்களிடம் கேட்டதில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"வோணாம் மேடம். ஆஸ்பத்திரி மட்டும் வோணாம்."

அவன் கையை எடுத்துக் கும்பிட்டான். அவள் கேட்கவில்லை. தம்பி ரங்கா ஆட்டோ ஓட்டுகிறவன். அந்த நேரத்தில் பக்கத்து ஸ்டாண்டில்தான் இருப்பான். ஆள் அனுப்பி அவனை வரவழைத்தாள். வாட்ச்மேனும் ரங்காவும் சேர்ந்து ஒதியாம்போவைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார்கள்.

கிட்டத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவு டாக்டர் அவனைக் கட்டிலில் படுக்க வைக்காமல் ஸ்டூலில் உட்கார வைத்தே கேட்டார்.

"எங்க வலி?"

"எலும்புல."

"எந்த எலும்புல?"

"எல்லா எலும்புலயும் சார்."

டாக்டர் நர்ஸைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பிறகு ஆங்கிலத்தில், "என்ன ஊசி போட்டா சரியாகும்னு உனக்கே தெரியுமே, சொல்லு" என்றார்.

அது பொறி என்று ஒதியாம்போவுக்குத் தெரியவில்லை. தெரிந்தும் சொன்னானோ என்னவோ, வலி அந்த அளவுக்கு இருந்தது. "பெதடின்" என்றான். போதை ஏற்றக்கூடிய வலி மருந்து அது.

டாக்டர் அவனுடைய சட்டைக் கையை மேலே ஏற்றினார். முழங்கை மடிப்பில் பழைய ஊசித் தழும்புகள் கரும்புள்ளிகளாக இருந்தன. அதற்கு மேல் அவர் ஒதியாம்போவிடம் பேசவே இல்லை. தமயந்தியைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்க லெக்சரரா? இந்தப் பசங்க பண்றது உங்களுக்குத் தெரியாதா? மாசத்துக்கு ரெண்டு பேர் இப்படி வர்றாங்க. வலின்னு உருளுவாங்க, ஊசி கேப்பாங்க. சாதா வலி ஊசி ஒண்ணு போடச் சொல்றேன், கூட்டிட்டுப் போங்க. இன்னொரு தடவை வந்தா போலீசுக்குச் சொல்லிடுவேன்."

ஒரு நிமிஷம், உண்மையாகவே ஒரு நிமிஷம், அவளும் அந்தத் தழும்புகளை நினைத்துச் சந்தேகப்பட்டாள்.

ஆட்டோ நீலசந்திராவை நோக்கிப் போகும்போது கேட்டாள். "நான் உனக்கு ரெண்டு தடவை அட்டெண்டன்ஸ் மன்னிப்பு வாங்கிக் குடுத்திருக்கேன். டைபாய்டுன்னு சொன்னே, மலேரியான்னு சொன்னே. இப்ப நிஜத்தைச் சொல்லு. போதை மருந்தா?"

ஒதியாம்போ தலையை ஆட்டோ கம்பியில் சாய்த்துக்கொண்டான். ஆங்கிலத்துக்கு மாறினான். தமிழில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது.

பிறந்ததிலிருந்தே அவன் ரத்தத்தில் கோளாறு. சிவப்பணுக்கள் உருண்டையாக இல்லாமல் அரிவாள் மாதிரி வளைந்துவிடும். வளைந்தவை ஒன்றோடொன்று சிக்கி ரத்தக் குழாயை அடைத்துக்கொள்ளும். எங்கே அடைக்கிறதோ அங்கே வலி. குளிர் ஆகாது, மழையில் நனையக் கூடாது, தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது. சனிக்கிழமை சிவாஜிநகரில் பஸ் கிடைக்காமல் ஆலங்கட்டி மழையில் நனைந்தபடி வீடு வரைக்கும் நடந்திருக்கிறான். அன்றைக்கு ஆரம்பித்தது. கென்யாவில் கிசுமுவில், ஏரிக்கரையில் அவர்கள் ஊரில், தெருவுக்கு ஒரு பிள்ளைக்காவது இது உண்டு. அவனுடைய அண்ணன் பள்ளிக்கூடம் படிக்கும்போதே இதில் செத்துப்போனான். கையில் இருந்த தழும்புகள் எல்லாம் ஊர் ஆஸ்பத்திரியில் சின்ன வயசிலிருந்து ஏற்றிய டிரிப்ஸ்.

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"சொன்னேன் மேடம். முதலில் இடம் கொடுத்த வேறொரு கல்லூரியில் சொன்னேன். இடம் இல்லை என்றுவிட்டார்கள். அதனால் இங்கே சேரும்போது உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அம்மாவும் அதைத்தான் சொல்லி அனுப்பினாள். அந்நிய ஊரில் வலி என்று சொல்லக் கூடாது, சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று."

ரங்காவுக்கு ஆங்கிலம் அரைகுறையாகத்தான் புரியும். ஆனாலும் வண்டியை மெதுவாக ஓட்டினான். பள்ளம் வந்தால் முன்கூட்டியே ஒடித்துப் போனான்.

"இன்னும் ரெண்டு பேப்பர்" என்றான் ஒதியாம்போ. "இன்றைக்கு எழுதியது தேறாது, தெரியும். புதன்கிழமை ஒன்று, அடுத்த திங்கட்கிழமை ஒன்று. அதை எழுதிவிட்டால் போதும். யாரிடமும் சொல்லாதீர்கள். சத்தியம் செய்யுங்கள்."

அவனுடைய விசா ஜூன் கடைசியோடு முடிகிறது. தேறாத பேப்பரை நவம்பரில் மறுபடி எழுத அதை நீட்டிக்க வேண்டுமானால், இவன் எங்கள் மாணவன்தான் என்று கல்லூரி கடிதம் கொடுக்க வேண்டும். இந்த வருஷத்திலிருந்து, எல்லாப் பேப்பருக்கும் வந்து உட்காராதவர்களுக்கு அந்தக் கடிதம் கிடையாது என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. தமயந்தி சத்தியம் செய்தாள்.

மறுநாள் காலை பிரின்சிபால் சேஷகிரி அவளைக் கூப்பிட்டனுப்பினார். மைசூர்க்காரர், அவளோடு கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஆனால் டிரஸ்டிகளிடமிருந்து போன் வந்த நாளில் அவர் முகமே வேறு.

"நோடம்மா, பாருங்க, அந்த ஆஸ்பத்திரி டாக்டர் நம்ம டிரஸ்டிக்கு வேண்டியவர். நம்ம பையன் ஒருத்தன் போதை ஊசி கேட்டு வந்தான், கூட ஒரு லெக்சரர் வந்தாங்கன்னு சொல்லியிருக்கார். நான் என்ன பண்ணட்டும்? வெளிநாட்டுக்காரங்க பதிவு ஆபீசுக்கு எழுதச் சொல்றாங்க."

"அவன் போதைக்காரன் இல்ல சார்."

"அப்ப என்ன வியாதி?"

வாய் வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால் போதைப் பழி போய்விடும். ஆனால் சேரும்போது பொய் சொன்னான் என்ற பழி அந்த இடத்தில் வந்து உட்காரும். இரண்டில் எதுவானாலும் முடிவு ஒன்றுதான்.

"எனக்கு ஒரு நாள் டைம் குடுங்க சார்."

"நாளைக்குள்ள ஒரு டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வாங்க. இல்லேன்னா எழுதித்தான் ஆகணும்."

அங்கிருந்து நேராக ஒதியாம்போ தங்கியிருந்த வீட்டுக்குப் போனாள். மாடி அறை. கீழே வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸ் வாசலிலேயே காத்திருந்தார். செய்தி எப்படியோ அவருக்கும் வந்திருந்தது.

"டீச்சரம்மா, தங்கமான பையன்தான். எம் பொண்ணுக்குக் கணக்கு சொல்லித் தர்றான். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா போலீசு கீலீசு வந்து நின்னா நான் என்னாத்த பண்ணுவேன்? ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்கற வீடு. பரீச்ச முடியற வரைக்கும் வேற எங்கனா..."

அவரைக் குறை சொல்ல அவளால் முடியவில்லை. மாடியில் ஒதியாம்போ ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். வெளியே வெயில் கொளுத்தியது. அவன் பற்கள் கிட்டித்துக்கொண்டிருந்தன. கண் வெள்ளை மஞ்சளாக இருந்தது. அது எப்போதுமே அப்படித்தான் இருந்தது, ஆப்பிரிக்கக்காரர்களுக்கு அப்படித்தான் போலிருக்கிறது என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவனைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு தெரு தள்ளித்தான். அப்பா அம்மா இறந்தபிறகு அவளும் ரங்காவும் மட்டும் இருக்கும் இரண்டு அறை வீடு. தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ரங்கா அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"இன்னாக்கா நீ? சொந்தக்காரங்க உனக்கு மாப்ள பாக்கறாங்க. இவன இட்டாந்து வூட்ல வெச்சா இன்னா பேசுவானுங்க?"

"பேசட்டும்."

"சொம்மா பேசட்டும்னா? நாளிக்கு நான் ஸ்டாண்டுல மூஞ்சி காட்டணுமா வேணாமா?"

"ரங்கா, அவன் பயத்துல இருக்கான். பரீட்சைக்கு இல்ல. செத்துடுவோம்னு பயம். என்கிட்ட சொல்ல மாட்டேங்கிறான். எனக்குத் தெரியுது."

ரங்கா ஸ்டவ்வைப் பற்றவைத்து வெந்நீர் போட்டான். பீர் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி ஒதியாம்போவின் முழங்காலிலும் இடுப்பிலும் வைத்தான்.

அன்று முழுவதும் தமயந்தி ஒரு சர்டிபிகேட்டுக்காக அலைந்தாள். தெரிந்த இரண்டு டாக்டர்களைப் பார்த்தாள். ஒருவர், ஆளைப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்றார். இன்னொருவர், "ஆப்பிரிக்கப் பையனா?" என்று கேட்டுவிட்டு, வேறு யாரையாவது பாருங்கள் என்றார். வீடு திரும்பியபோது ஒதியாம்போவின் உடம்பு அனலாகக் கொதித்தது. புத்தகம் மட்டும் அவன் கையை விட்டுப் போகவில்லை. பக்கம் திரும்பவும் இல்லை.

புதன்கிழமை காலை அவனே எழுந்து சட்டை மாட்டிக்கொண்டான். பொத்தான் போட விரல் வளையவில்லை, ரங்கா போட்டுவிட்டான். படியிறங்கி ஆட்டோவில் ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்றான்.

"போலாம்" என்றான். "நேரமாயிடும்."

ஆட்டோ மெயின் ரோட்டுக்கு வந்ததும் தமயந்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள். மூச்சு மேல்மூச்சாக வந்துகொண்டிருந்தது. நெஞ்சைப் பிடித்திருந்தான். உதட்டு நிறம் மாறியிருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இப்படித்தான் மூச்சு விட்டார்.

"ரங்கா, வண்டியைத் திருப்பு."

"எங்கக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு. பெரியாஸ்பத்திரிக்கு விடு."

ஒதியாம்போவுக்குப் புரிந்துவிட்டது. முன்னால் சாய்ந்து ரங்காவின் தோளைப் பிடித்துக்கொண்டான். "காலேஜ். அண்ணா, காலேஜ். காலேஜ் போ அண்ணா." ரங்காவைவிட அவனுக்கு வயசு ரொம்பக் குறைவில்லை. ஆனாலும் அண்ணா என்றுதான் கூப்பிடுவான். சிக்னலில் ரங்கா வண்டியை நிறுத்திவிட்டான். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் திரும்பி அக்காவைப் பார்த்தான், ஒதியாம்போவைப் பார்த்தான். ரங்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அக்கா, அவன் கெஞ்சறான்க்கா. எங்க போவ, சொல்லு."

"திருப்புன்னு சொன்னேன் இல்ல!"

ரங்கா திருப்பினான். ஒதியாம்போ கத்தினான். என்ன மொழி என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கத்துவதற்கும் அவனிடம் மூச்சு இல்லை. தலை அவள் தோளில் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, வழி நெடுக, "சீக்கிரம், சீக்கிரம்" என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை.

அங்கே அவசரப் பிரிவில் இருந்தவர் டாக்டர் வீணா. தமயந்தி அவர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டினாள். பிறவியிலேயே ரத்தத்தில் கோளாறு, அண்ணன் இதிலேயே செத்தான், ஊசித் தழும்பு டிரிப்ஸ் போட்டது, போதை இல்லை, போதை இல்லை. வராந்தாவில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள். சத்தியம் பண்ணியது நினைவில் இருந்தது; அதோடேயே சொன்னாள்.

வீணா அவன் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "நான் நீலகிரியில, கூடலூர்ல ரெண்டு வருஷம் வேலை பார்த்தேன். அங்க மலைச் சனங்களுக்கு இது நிறைய உண்டு. மைக்ராஸ்கோப்புல பாத்தா தெரிஞ்சுடும். ஆனா அதுக்காகக் காத்திருக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். முதலில் போட்ட ஊசியே வலிக்குத்தான். அதைப் போட்டுக்கொண்டே, "நெஞ்சு வரைக்கும் ஏறிடுச்சு. நேத்தே வந்திருக்கணும்" என்றார்.

"திங்கட்கிழமையே போனோம் டாக்டர்."

வீணா நிமிர்ந்து பார்த்தார். எங்கே என்று கேட்கவில்லை. "ரத்தம் ஏத்தணும். ஆள் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். ரங்கா சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தான். அவன் பிரிவு சேரவில்லை. ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடிப்போய்ச் சேருகிற ஆட்களைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

மூன்று நாள் ஒதியாம்போ பிழைப்பானா மாட்டானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தமயந்தி வார்டுக்கு வெளியே பெஞ்சிலேயே இருந்தாள். கடவுளிடம் வேண்டிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. கிசுமுவில் அவன் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரு பையனைப் பறிகொடுத்தவளிடம் எந்த வார்த்தையால் ஆரம்பிப்பது?

சனிக்கிழமை மத்தியானம் ஒதியாம்போ கண் விழித்தான். முதலில் என்ன கிழமை என்று கேட்டான். அவள் சொன்னாள். புதன்கிழமை போய்விட்டது என்பது அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"நீங்க சொல்லிட்டீங்க" என்றான்.

"ஆமா."

"சத்தியம் பண்ணீங்க."

"பண்ணேன். உனக்கு மூச்சு நின்னுட்டிருந்தது."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான். அம்மா அங்கே சந்தையில் மீன் விற்கிறாள், பையன் பட்டத்தோடு வருவான் என்று ஊருக்கே சொல்லிவைத்திருக்கிறாள்; உயிரோடு மட்டும் திரும்பி வந்தால் அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். அதற்குப் பிறகு அவளிடம் பேசவே இல்லை. ரங்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தபோது மட்டும் வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் அவள் வீணாவிடம் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு சேஷகிரியின் வீட்டுக்கே போனாள். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"பாவம்" என்றார். உண்மையாகவே சொன்னார். "நல்ல வேளை, பதிவு ஆபீசுக்கு நான் இன்னும் எழுதல. போதைன்னு இனி யாரும் பேச மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

"அப்ப நாலாவது பேப்பரைப் பின்னாடி எழுத விடச் சொல்லி யூனிவர்சிட்டியில கேக்கலாமா சார்? உடம்பு சரியில்லாம போச்சுன்னு நீங்க ஒரு கடிதம் எழுதினா..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதுல பிறவி நோயின்னு இருக்கு. சேரும்போது ஒண்ணும் இல்லேன்னு சொல்லியிருக்கான். நான் எப்படிம்மா எழுதறது? நாளைக்கு டிரஸ்ட்ல கேட்டா, பொய் சொல்லிச் சேர்ந்தவனுக்கு நீ ஏன்யா சிபாரிசு பண்ணேன்னு கேப்பாங்க. விசாவுக்கும் கடிதம் குடுக்க முடியாது."

"சார், நிஜத்தைச் சொல்லாதபோது போதைக்காரன்னீங்க. நிஜத்தைச் சொன்னா பொய்க்காரன்ங்கறீங்க. அவன் எந்த வாசல் வழியா சார் உள்ள வரணும்?"

சேஷகிரி சர்டிபிகேட்டை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி காபி கொண்டு வந்து வைத்தார். தமயந்தி தொடவில்லை.

"நான் ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு" என்றார் கடைசியில்.

ஞாயிற்றுக்கிழமை ஒதியாம்போ எழுந்து நடக்க ஆரம்பித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறை வரை போய் வந்தான். அன்று சாயங்காலம் வீணாவிடம், திங்கட்கிழமை பேப்பருக்குப் போகவேண்டும் என்றான். வீணா முடியவே முடியாது என்றார். அவன் கெஞ்சவில்லை. கையில் குத்தியிருந்த டிரிப்ஸ் ஊசியைக் காட்டி, நீங்கள் எடுக்காவிட்டால் நானே பிடுங்கிக்கொண்டு போவேன் என்று அமைதியாகச் சொன்னான். வீணா தமயந்தியைப் பார்த்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

போன தடவை அவனுக்காக அவளே முடிவு செய்தாள். இந்தத் தடவை, "அவன் இஷ்டம் டாக்டர்" என்றாள்.

திங்கட்கிழமை ரங்கா பின் சீட்டில் மெத்தை விரித்து, தலையணை வைத்து ஓட்டிக்கொண்டு வந்தான். ஒதியாம்போ ஸ்வெட்டர் போட்டிருந்தான். கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஹால் வாசலில் சேஷகிரி நின்றுகொண்டிருந்தார். அவன் நின்றான். தமயந்தி முன்னால் வந்தாள்.

"ஹால் டிக்கெட் யூனிவர்சிட்டி குடுத்தது சார். அதை அவங்க இன்னும் திருப்பிக் கேக்கல."

சேஷகிரி அந்தப் பையனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒரே வாரத்தில் பாதியாகியிருந்தான். வாசலை விட்டு விலகிப் போய்விட்டார். ஒதியாம்போ உள்ளே போனான்.

அந்த மூன்று மணி நேரமும் தமயந்தி வராந்தாவில் நடந்தாள். ஜன்னல் வழியே பார்த்தபோதெல்லாம் அவன் தலை பேப்பரின் மேல் கவிழ்ந்திருந்தது. எழுதுகிறானா, சாய்ந்துவிட்டானா என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் பேனா அசைகிறதா என்று தேடினாள். மணி அடித்த பிறகு கடைசியாக வெளியே வந்தான். கேட்காமலே, "எல்லாக் கேள்வியும் எழுதிட்டேன்" என்றான். ஆஸ்பத்திரியில் பேசாமல் இருந்ததற்குப் பிறகு அவளிடம் அவன் சொன்ன முதல் பேச்சு அது. ஆட்டோவில் ஏறியதும் தூங்கிவிட்டான்.

அந்தப் பேப்பரில் நல்ல மார்க் வாங்கித் தேறினான். மூன்றாவதும் நாலாவதும் நின்றுவிட்டன. ரிசல்ட் வந்தபோது அவன் இங்கே இல்லை. ஜூன் முடிவதற்குள் பம்பாய் போய் விமானம் ஏறினான். பம்பாய் பஸ் ஏற்றிவிட ஆம்ப்ரோஸும் மகள்களோடு வந்திருந்தார். ஒதியாம்போ ரங்காவைக் கட்டிக்கொண்டான். தமயந்திக்குக் கை கொடுத்தான். "உடம்பைப் பாத்துக்கோ" என்றாள். தலையாட்டினான். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியே அவளைத்தான் பார்த்தான். ஆனால் கை அசைக்கவில்லை.

ஜூலையில் வெளிநாட்டு மாணவர்கள் பொறுப்பை அவளிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். புதிதாகச் சேர வந்த பிள்ளைகளிடம் என்னென்ன நோய் இருக்கிறது என்று இன்னும் கறாராகக் கேட்கச் சொல்லி உத்தரவு வந்தது. எல்லாரும் எதுவும் இல்லை என்றே சொன்னார்கள். அவள் வராந்தாவில் அவர்களைத் தாண்டிப் போகும்போது முகங்களைப் பார்ப்பாள். இதில் யார் வலியை மென்று விழுங்கிக்கொண்டு நிற்கிறார்களோ என்று நினைத்துக்கொள்வாள். ஒரு சூடான் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏதாவது இருந்தா எங்கிட்ட சொல்லும்மா, ஆபீசுல சொல்லாதே" என்றாள். அந்தப் பெண் பயந்துபோய், ஒன்றும் இல்லை மேடம், ஒன்றுமே இல்லை என்றாள்.

செப்டம்பரில் ஒரு நாள் ஆசிரியர் அறைக்குப் போன் வந்தது. கரகரவென்ற இரைச்சல், பேசினால் தன் குரலே திரும்பி வந்தது.

"மேடம், ஊட்டா ஆய்த்தா?"

சாப்பாடு ஆச்சா என்று பெங்களூரில் யாரைப் பார்த்தாலும் கன்னடத்தில் கேட்கிற அந்தக் கேள்வியை ஒதியாம்போ கேட்டதும், அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆச்சுப்பா. நீ எப்படி இருக்கே?"

ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறானாம். பட்டம் இல்லாததால் தற்காலிகமாகத்தான். நடுவில் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தான். அங்கே வலி என்றால் நம்புகிறார்கள், மேடம் என்றான்.

"அம்மா?"

"அம்மா எதுவும் கேக்கல. அதுதான் கஷ்டமா இருக்கு."

இரைச்சல் கூடிக் குறைந்தது. பிறகு அவன் ஆங்கிலத்தில் சொன்னான். "அன்றைக்கு நீங்கள் ஆட்டோவைத் திருப்பியதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. திருப்பாவிட்டால் கோபப்பட நான் இருந்திருக்க மாட்டேன் என்றும் தெரியும். இரண்டும் தெரிகிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை."

"கோபப்படு. பரவால்ல."

"பாக்கி ரெண்டு பேப்பர், மேடம். நவம்பர்ல வைக்கறாங்களா? தேதி பாத்து சொல்றீங்களா?"

விசாவுக்குக் கடிதம் வேண்டும். சேஷகிரியிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். இரண்டு தடவையும் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். விமானக் கட்டணத்துக்கு அவன் என்ன செய்வான் என்றும் தெரியாது. நவம்பரில் குளிர் வேறு ஆரம்பித்துவிடும். இதில் எதையும் அவள் சொல்லவில்லை.

"பாக்கறேன். அடுத்த வாரம் இதே நேரத்துக்குப் பண்ணு."

மறுநாள் வகுப்பு முடிந்ததும் பஸ் பிடித்துப் பல்கலைக்கழகப் பரீட்சைப் பிரிவுக்குப் போய் வரிசையில் நின்றாள். அவளுடைய முறை வந்தபோது, ஜன்னலுக்குள் இருந்தவர், தேதி இன்னும் போடவில்லை, வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள் என்றார். அவள் வெள்ளிக்கிழமை மறுபடியும் போனாள்.